விற்றவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர்

வெளிநாட்டுப் பயணத்தில் 'பார்ட்னர் ஏர்லைன்' என்ற பெயரால் படும் பாடு பற்றி வாசகர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பதில் சொல்பவர் சேலத்துக்காரர். ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலை இயந்திரங்களை வெளிநாடுகளில் பொருத்திக் கொடுக்கும் வேலையில் 24 ஆண்டுகள் பறந்துவிட்டு, இப்போது ஏற்காடு அடிவாரத்தில் ஓய்வாக இருக்கும் என்ஜினீயர்.

கேள்வி: மகள் பாஸ்டனிலிருந்து டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மேலே ஏர் இந்தியா என்று நம்பர் போட்டிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் லுஃப்தான்சா என்று இருக்கிறது. தனியாகப் போகிறேன். பெங்களூரில் எந்தக் கவுண்டரில் நிற்பது? (வாசகி, அஸ்தம்பட்டி)

அம்மா, அந்தச் சின்ன எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். லுஃப்தான்சா கவுண்டரில் நில்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் பார்த்திருப்பீர்கள். சரக்கைப் பதிவு செய்து ரசீது கொடுப்பவர் ஒருவர். சாயங்காலம் வந்து மூட்டையை ஏற்றிப் போகும் லாரி இன்னொருவருடையது. விமானத்தில் இதற்குப் பெயர் கோட்ஷேர். ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் தங்கள் தங்கள் நம்பரைப் போட்டு விற்கும். 'ஆபரேட்டட் பை' என்ற வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடைய விமானம், அவர்களுடைய சிப்பந்திகள், அவர்களுடைய கவுண்டர்.

மகளிடம் இரண்டு விஷயம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, லுஃப்தான்சாவின் பி.என்.ஆர். நம்பர். ஏர் இந்தியா கொடுத்த ஆறு எழுத்து அங்கே செல்லாமல் போகலாம். ஓட்டுகிற கம்பெனிக்குத் தனியாக ஓர் ஆறு எழுத்து இருக்கும். சீட் பார்த்து எடுக்க, வீல்சேர் சொல்லி வைக்க எல்லாம் அதுதான் வேண்டும். இரண்டாவது, 13 இலக்க டிக்கெட் நம்பர். அதன் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். 098 என்றால் ஏர் இந்தியா கொடுத்த டிக்கெட், 220 என்றால் லுஃப்தான்சா கொடுத்தது. தேதி மாற்ற, பணம் திரும்பக் கேட்க, டிக்கெட்டைக் கொடுத்தவரிடம் போக வேண்டும். பயண நாளன்று எது நடந்தாலும் விமானத்தை ஓட்டுகிறவரிடம் போக வேண்டும்.

பெட்டி எத்தனை என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். '2 பி.சி.' என்றால் இரண்டு பெட்டி, '30 கே' என்றால் மொத்தம் முப்பது கிலோ. பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் எவ்வளவு கொண்டுபோனார் என்ற கணக்கெல்லாம் உதவாது.

கேள்வி: மைல்ஸ் கணக்கு நம்பரைக் கொடுத்துத்தான் பார்ட்னர் கம்பெனி விமானத்தில் போனேன். ஒரு மைல்கூட ஏறவில்லை. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், ஐந்து ரோடு, ஐ.டி. வேலை)

மைல் என்பது பறந்ததற்காக விமானக் கம்பெனி உங்கள் கணக்கில் ஏற்றும் புள்ளி, சேர்த்து வைத்து டிக்கெட் எடுக்கலாம். ஏமாற்று இல்லை தம்பி. பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: உங்கள் டிக்கெட்டின் எழுத்து, இல்லையென்றால் உங்கள் இனிஷியல்.

எழுத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்கானமி என்று நாம் ஒரே பேரில் சொன்னாலும் அதற்குள் ஒரு டஜன் எழுத்துகள் இருக்கின்றன. போர்டிங் பாஸில் அல்லது மெயிலில் 'கிளாஸ்' என்ற இடத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் டிக்கெட்டின் விலைத்தரம். தள்ளுபடி விலை எழுத்துகளுக்குச் சொந்தக் கம்பெனியே கொஞ்சமாகத்தான் மைல் தரும். பார்ட்னர் விமானம் என்றால் கால் பங்கு, அல்லது சுத்தமாகப் பூஜ்யம். ஒரு தடவை பாங்காக் போனபோது எனக்கும் பக்கத்து சீட் சகாவுக்கும் ஒரே விலை, ஒரே எழுத்து. அவர் வேறொரு கம்பெனியின் கணக்கில் போட்டார், பாதி மைல் ஏறியது. என் கணக்கில் ஒன்றுமில்லை. ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் வேறு வேறு மதிப்பு. டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் திட்டத்தின் பார்ட்னர் அட்டவணையில் அந்த எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனிஷியல் கதை கொஞ்சம் நீளம், ஏனென்றால் அது என் கதை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர். சேலத்தில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. என் முதல் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். மைல்ஸ் கணக்கு தொடங்கும்போது அந்த இணையப் பக்கம் காலி கட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் எழுத்து போட்டேன், அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா பெயரை முழுசாகப் போட்டேன், ஒப்புக்கொண்டது. கம்பெனிக்கு டிக்கெட் எடுக்கும் ஏஜென்டோ என் பெயரையே இரண்டு தடவை, முன்னும் பின்னும், போட்டு எடுப்பார். சொந்தக் கம்பெனி விமானத்தில் மைல் ஏறிக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. பார்ட்னர் கம்பெனிகளிலிருந்து போகும் தகவலில் பெயரும் கணக்கும் ஒத்துப்போகாமல் எல்லாம் தள்ளுபடியாகிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்து எண்ணினால் பதினான்கு விமானம்! விட்டுப்போன மைலைக் கேட்டு வாங்கலாம், ஆனால் பெரும்பாலான திட்டங்களில் பயணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். மூன்று விமானத்துக்குத்தான் கிடைத்தது. அதுவும் பழைய போர்டிங் பாஸ்களை என் மனைவி ரேஷன் கார்டு கவரில் சொருகி வைத்திருந்ததால்.

அதன் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதினேன். பாஸ்போர்ட், டிக்கெட், மைல்ஸ் கணக்கு மூன்றிலும் ஒரே மாதிரி. இது மைலுக்காக மட்டும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. வீட்டில் யாருக்காவது புது பாஸ்போர்ட் எடுப்பதானால் இந்தக் கட்டத்தை இப்போதே யோசித்து நிரப்புங்கள்.

உங்கள் விஷயத்தில் ஆறு மாதம் தாண்டாவிட்டால் இன்றைக்கே கேளுங்கள். டிக்கெட் நம்பர், போர்டிங் பாஸ் படம் இரண்டும் வேண்டும். போனில் இருக்கும் போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் காணாமல் போய்விடும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எமிரேட்ஸ் எந்த விமானக் கம்பெனிக் கூட்டணியில் இருக்கிறது? (வாசகர், சூரமங்கலம்)

எந்தக் கூட்டணியிலும் இல்லை. தனியாகவே நிற்கிறது. குவாண்டாஸ் மாதிரி சில கம்பெனிகளோடு மட்டும் தனித்தனி ஒப்பந்தம்.

கேள்வி: ஓமலூர் பக்கம்தான் வீடு. காமலாபுரத்தில் (சேலம் விமான நிலையம்) விமானம் ஏறி பெங்களூரில் மாறினால் பெட்டி நேராக வெளிநாடு போய்விடுமா? அலையன்ஸ் ஏர் என்பது ஸ்டார் அலையன்ஸ்தானே? (வாசகர், ஓமலூர்)

இரண்டாவது கேள்வியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பெயர் அப்படி அமைந்துவிட்டது. ஸ்டார் அலையன்ஸ் என்பது 1997-இல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய், எஸ்.ஏ.எஸ். ஆகிய ஐந்து கம்பெனிகள் ஆரம்பித்த கூட்டணி. ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. அலையன்ஸ் ஏர் ஒரு காலத்தில் ஏர் இந்தியாவின் பிள்ளைக் கம்பெனியாக இருந்தது, உண்மை. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது அலையன்ஸ் ஏர் அரசாங்கத்திடமே நின்றுவிட்டது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி.

2023 அக்டோபரில் காமலாபுரத்துக்கு மறுபடி விமானம் வர ஆரம்பித்தபோது எனக்கும் ஆசைதான். பெங்களூர் ரோட்டில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் மூன்று மணி நேரம் நிற்கும் கவலை இல்லையே. ஆனால் பெட்டி நேராகப் போக வேண்டுமென்றால் சேலம் முதல் கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். சேலத்துக்கு வர ஆரம்பித்த கம்பெனிகளில் ஒன்றான இண்டிகோ எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. ஆனாலும் 2018-இல் துருக்கிஷ், 2019-இல் கத்தார் என்று தனித்தனியாகக் கோட்ஷேர் போட்டிருக்கிறது. அப்படி ஒரே டிக்கெட்டில் சேலம் வருகிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். வராவிட்டால் அது இரண்டு தனி டிக்கெட். சேலம் விமானம் தாமதமானால் பெங்களூரில் காத்திருக்கும் கம்பெனிக்கு நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி கொடுக்க வேண்டும். சர்வதேச விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாவது டெர்மினலில். நீங்கள் இறங்குவது முதல் டெர்மினல் என்றால் நடுவில் பஸ். எடை வேறு உதைக்கும். உள்நாட்டு டிக்கெட்டுக்கு 15 கிலோ, வெளிநாட்டுக்கு இரண்டு பெட்டிகூட இருக்கலாம். மிச்ச எடைக்குக் காமலாபுரத்திலேயே காசு கட்ட வேண்டும்.

தனி டிக்கெட் என்றால் நான் முந்தின நாளே போய்விடுவேன். ஒரு ராத்திரி ரூம் வாடகை, தவறவிட்ட டிக்கெட்டை விடக் குறைவு.

கேள்வி: பெட்டி வரவில்லை. டிக்கெட் விற்ற கம்பெனி, கடைசியாக வந்த பார்ட்னரைக் கேள் என்கிறது. பார்ட்னர், முதலில் ஏற்றியவர்களைக் கேள் என்கிறான். யார் பொறுப்பு? (வாசகர், அம்மாபேட்டை)

இந்தப் பந்தாட்டத்தில் நானும் பந்தாக இருந்திருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மரவள்ளி ஆலை. ஸ்டார்ச் பாலை வடிகட்டும் நைலான் சல்லடைத் துணியும் சில ஸ்டீல் நாசில்களும் என் பெட்டியில். இரண்டு கம்பெனி விமானம், ஒரே டிக்கெட். கம்பெனிப் பெயர்கள் வேண்டாம், இரண்டு பேரும் பிறகு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். பெல்ட் சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிட்டது, என் பெட்டி இல்லை. ஆலையில் கிழங்கு வண்டி வண்டியாக வந்து குவிந்திருக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கி இரண்டு மூன்று நாளுக்குள் அரைக்காவிட்டால் கறுத்துப்போகும், நம் ஆத்தூர் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாளி என்னைப் பார்க்கிறார், நான் பெல்டைப் பார்க்கிறேன்.

கவுண்டரில் இருந்த பெண், "ஏற்றியது அவர்கள்" என்றாள். போன் போட்டால், "கொண்டுவந்தது அவர்கள்" என்றார்கள். மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மருமகன் நிலைமை. நல்லவேளையாக அந்த ஊருக்கு அடிக்கடி வரும் ஒரு குஜராத்தி வியாபாரி பக்கத்தில் இருந்தார். "ரிப்போர்ட் எழுதி நம்பர் வாங்காமல் இந்த ஹாலை விட்டு வெளியே போகாதே" என்றார். அந்த ரிப்போர்ட்டுக்கு பி.ஐ.ஆர். என்று பெயர். கடைசியாகக் கொண்டுவந்த கம்பெனியின் மேஜையில் எழுத வேண்டும். பெட்டி டேக்கின் துண்டும் போர்டிங் பாஸும் காட்ட வேண்டும். வாங்கிக்கொண்டேன். பெட்டி ஐந்தாம் நாள் வந்தது. அதுவரை இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு எல்லாம் சந்தையில் வாங்கினேன். சந்தையில் பில் ஏது? ஆலை குமாஸ்தா ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஆலை ரப்பர் ஸ்டாம்பை நான்கு இடத்தில் குத்திக் கொடுத்தார். நான்கு மாதம் கழித்து அந்தத் தாளுக்குப் பணம் வந்தது. லுங்கிக்கும் சேர்த்து.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1999-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. இந்தியா 2009-இல் சேர்ந்தது. பல கம்பெனிகள் சேர்ந்து கொண்டுபோகும் பயணத்தில் பெட்டி போனால் முதல் கம்பெனி மீதும் உரிமை கோரலாம், கடைசிக் கம்பெனி மீதும் கோரலாம், நடுவில் யார் கையில் தொலைந்ததோ அவர்கள் மீதும் கோரலாம். 'அவரைக் கேள்' என்று தள்ளிவிட முதலுக்கும் கடைசிக்கும் வழியில்லை. நீங்கள் இரண்டு பேருக்கும் எழுதுங்கள், ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் நகலை மற்றவருக்கும் அனுப்புங்கள்.

நாள் கணக்கு முக்கியம். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாகக் கணக்கு. கோர்ட்டுக்குப் போவதானால் 2 வருஷம். நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 2,000 டாலர். அது உச்சவரம்புதான், கேட்டவர்க்கெல்லாம் அவ்வளவும் கிடைக்காது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பும் தாய்மார்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

கேள்வி: பையன் ஐரோப்பாவிலிருந்து ஊருக்கு வந்தான். டிக்கெட் இந்தியக் கம்பெனியுடையது, ஓட்டியது ஐரோப்பியக் கம்பெனி. இயந்திரக் கோளாறு என்று ஐந்து மணி நேரம் தாமதம். ஒரு சாண்ட்விச் கூப்பன் கொடுத்தார்களாம். அவ்வளவுதானா? (வாசகர், நாகலூர், ஏற்காடு)

அவ்வளவு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 261 என்று ஒரு சட்டம் உண்டு. அங்கிருந்து கிளம்பும் எந்தக் கம்பெனி விமானத்துக்கும் அது பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்றால் 600 யூரோ. புயல், வான்வழித் தடை மாதிரி கம்பெனி கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. சாதாரண இயந்திரக் கோளாறை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. விமானத்தை ஓட்டிய கம்பெனியிடம்தான் பையன் கேட்க வேண்டும், விற்றவரிடம் இல்லை.

இங்கிருந்து போகும்போதுதான் வேடிக்கை. பெங்களூரிலிருந்து ஐரோப்பா போகும் விமானத்தை ஐரோப்பியக் கம்பெனி ஓட்டினால், டிக்கெட்டில் இந்தியக் கம்பெனி நம்பர் இருந்தாலும் 261 உண்டு. இந்தியக் கம்பெனி ஓட்டினால், ஐரோப்பியக் கம்பெனி நம்பர் போட்டு விற்றிருந்தாலும் கிடையாது. ஒரே விலைக்கு இரண்டும் இருந்தால் நான் எதை எடுப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு கார்டு இருந்தால் எல்லா பார்ட்னர் லவுஞ்சிலும் விடுவார்களா? (வாசகர், தாரமங்கலம்)

ஸ்டார் அலையன்ஸ் கோல்டு என்றால், அன்றைக்கு நீங்கள் ஏறப்போகும் விமானத்தை ஓர் உறுப்பினர் கம்பெனி ஓட்ட வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போகலாம், அவரும் அப்படியொரு விமானத்தில் போகிறவராக இருக்க வேண்டும். நான் ஒரு தடவை ஆலை முதலாளியைப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பர் உறுப்பினருடையது, ஓட்டியது கூட்டணியில் இல்லாத ஒரு குட்டிக் கம்பெனி. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெளியே நின்று பேப்பர் கப்பில் காபி குடித்தோம். பணம் அவர்தான் கொடுத்தார்.

கேள்வி: கூட்டணி மாறிவிட்டால் சேர்த்த மைல் என்ன ஆகும்? (வாசகி, மேட்டூர்)

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கூட்டணி மாறுவதைப் பற்றி என்னைக் கேட்கிறீர்களே! ஸ்டார் அலையன்ஸை ஆரம்பித்த ஐவரில் ஒருவரான எஸ்.ஏ.எஸ். 2024 செப்டம்பரில் ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணிக்குப் போய்விட்டது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்துவிட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. உங்கள் மைல் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கம்பெனியிடம்தான் இருக்கும். அந்தக் கம்பெனி அணி மாறினால் எந்தெந்த விமானத்தில் செலவழிக்கலாம் என்பது மாறிவிடும். மைலை நகை மாதிரி பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். நான் இரண்டு லட்சம் சேர்ந்ததும் மனைவியை சிங்கப்பூர் கூட்டிப் போய்வந்துவிட்டேன்.

கேள்வி: சைவச் சாப்பாடு சொல்லி வைத்தும் பார்ட்னர் விமானத்தில் கோழி வைத்தார்கள். இது அநியாயம் இல்லையா? (வாசகி, ஆத்தூர்)

டிக்கெட் எடுக்கும்போது 'இந்து மீல்' என்று தேர்ந்தெடுத்தீர்களா, நினைத்துப் பாருங்கள். விமானக் கணக்கில் இந்து மீல் என்றால் மாட்டிறைச்சி இல்லாத அசைவம். கோழியோ ஆடோ மீனோ வரும். நமக்கு வேண்டியது 'ஏஷியன் வெஜிடேரியன்'. என் அம்மாவை முதல் தடவை அழைத்துப் போனபோது நானும் இதே தப்பைச் செய்தேன். அமாவாசை வேறு. அம்மா தட்டைத் திறந்தார், மூடினார், பாங்காக் வரை என்னிடம் பேசவில்லை.

சரியாகவே சொல்லியிருந்தாலும், விற்ற கம்பெனியிடம் சொன்னது ஓட்டுகிற கம்பெனிக்குப் போய்ச் சேராமல் போவது உண்டு. ஓட்டுகிறவருடைய பி.என்.ஆரை வைத்து அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே போய்ப் பாருங்கள். சாப்பாடு ஏறவில்லை என்றால் நீங்களே போடுங்கள், கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னாவது.

அதற்கும் மேல் என் கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா தட்டுவடை இருக்கும். சட்னி வைத்துச் செட்டாகக் கட்ட வேண்டாம், வெறும் தட்டுவடை போதும். சட்னி 100 மில்லிக்கு மேல் இருந்தால் திரவக் கணக்கில் சேர்த்து பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெங்களூரில் என் பூண்டுச் சட்னியை எடுத்துக் குப்பையில் போட்ட அதிகாரி, போடுவதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தார்.